லேப்டாப் படம் டிவியில் ஏறிய கதை

அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15, தமிழ்நாட்டு வீடுகளின் கூடத்தை இரண்டு முறை மாற்றியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு அந்த நாளில் இலவசக் கலர் டிவித் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறியபின், 2011ஆம் ஆண்டு அதே நாளில், பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இலவச லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. முதல் திட்டத்தில் 14 அங்குல டிவிகள் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் வீடுகளுக்குப் போயின. இரண்டாவதில், பத்தாண்டுகளுக்குள், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் போயின. இரண்டு முறையும் கொள்முதல் செய்தது அரசின் எல்காட் நிறுவனம்தான்.

தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், பெருங்களத்தூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் இந்த இரண்டும் ஒரே கூடத்தில் இருந்தன. டிவி ஸ்டாண்டில் அரசு டிவி. அதற்கு நாலடி தள்ளி, பிள்ளையின் மடியில் அரசு லேப்டாப். லேப்டாப்பில் ஓடும் பாடத்தையோ படத்தையோ வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து டிவியில் பார்க்க வழியில்லை. அந்த நாலடியைக் கம்பியில்லாமல் கடக்க உலகம் பட்ட பாடு பெரியது. அந்தக் கதையில் பொள்ளாச்சியில் பிறந்த ஒருவரும், சென்னை அசோக் நகரில் வளர்ந்த ஒருவரும் முக்கியமான இடங்களில் வருகிறார்கள். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை இது என்று நினைக்கிறேன்.

தடை எங்கே இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். டியூப் டிவியின் முதுகில் ஆன்டெனா ஒயர் செருக ஒரு துளை, பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் இடது வலது ஒலி. விசிடி பிளேயர், டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் டிவிக்குள் போயின. மஞ்சள் துளை ஏற்றுக்கொள்வது ‘பால்’ முறைப் படத்தை: 625 வரிகள், அதில் கண்ணுக்குத் தெரிபவை 576, நொடிக்கு 50 அரைப்படங்கள். லேப்டாப்பில் இருந்ததோ விஜிஏ துளை அல்லது எச்டிஎம்ஐ துளை. எச்டிஎம்ஐ என்பது சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி 2002 டிசம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் முறை. மஞ்சள் துளைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே கிடையாது. சில பழைய லேப்டாப்களில் எஸ்-வீடியோ என்ற வட்டத் துளை இருந்தது; நாளடைவில் அதையும் வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் டிவி பிறந்ததே கம்பியில்லாமல்தான். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது படம் காற்றில்தான் வந்தது. மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கூடத்திலிருந்து ஒருவர் “இன்னும் கொஞ்சம்… போதும் போதும்” என்று குரல் கொடுக்க, படம் தெளிந்தது. சென்னையிலேயே செய்த டயனோரா, சாலிடேர் பெட்டிகளில் நம்மவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். 1993இல் சன் டிவி வந்து, தெருத்தெருவாகக் கேபிள் ஓடிய பிறகுதான் டிவியின் முதுகில் கம்பி நிரந்தரமாகக் குடியேறியது.

ஆனால் அன்று காற்றில் படம் அனுப்பும் உரிமை அரசு ஒளிபரப்புக் கோபுரத்துக்கு மட்டும்தான். 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு கருவி இன்னொரு கருவிக்குக் காற்றில் படம் அனுப்ப வேண்டுமானால், முதலில் அந்த அலைவரிசைக்கு விடுதலை கிடைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் அது 1985இல் கிடைத்தது. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகள் புழங்கியதால் எவரும் பெரிதாக விரும்பாத மூன்று அலைவரிசைத் துண்டுகளை, குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அறிவித்தது. அதில் ஒன்றுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். அந்த இடத்தில்தான் வைஃபை வளர்ந்தது. 1997இல் வந்த முதல் தரம் நொடிக்கு 20 லட்சம் பிட், 1999இல் 1 கோடியே 10 லட்சம், 2003இல் 5 கோடியே 40 லட்சம் என்று வேகம் ஏறியது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிம விலக்கு 2005 ஜனவரியில்தான் வந்தது. இன்று சேலையூரில் ஒரு வீட்டில் மோடத்தைச் செருகினால் யாரையும் கேட்காமல் வைஃபை வேலை செய்கிறது என்றால், அதற்கு அந்த அறிவிப்புதான் காரணம். பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்படாமல் போன அந்த அரசாணையை நான் இந்தக் கதையின் உண்மையான தொடக்கங்களில் ஒன்றாக வைப்பேன்.

காற்று கிடைத்துவிட்டது. அடுத்த தடை படத்தின் கனம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு எச்டி திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080, மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட். ஆக ஒரு படத்துக்கு ஏறக்குறைய 5 கோடி பிட். நொடிக்கு 60 படம் என்றால் 300 கோடி பிட். 2003ஆம் ஆண்டு வைஃபை தாங்கக்கூடியதைப் போல இது ஐம்பது மடங்குக்கும் மேல். அதுவும் அந்த 5 கோடியே 40 லட்சம் என்பது அட்டைப்பெட்டியில் அச்சிடும் எண். சுவர் குறுக்கே இருந்தால் கிடைப்பது பாதிகூடத் தேறாது.

இதற்குத் தீர்வு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று, படத்தைச் சுருக்குவது. 2003இல் வகுக்கப்பட்ட ஹெச்.264 என்ற முறை, ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்பாது. முந்தைய படத்திலிருந்து எந்தப் பகுதி மாறியதோ, எது எந்தப் பக்கம் நகர்ந்ததோ அதை மட்டும் சொல்லும். செய்தி வாசிப்பவரின் உதடு மட்டும் அசைகிறது என்றால் பின்னால் இருக்கும் சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. முழு எச்டி படம் இப்படிச் சுருங்கி நொடிக்கு ஒரு கோடி பிட் அளவிலேயே ஓரளவு நன்றாக ஓடும். சுருக்கும் வேலை கணிப்பொறிக்குக் கடினமானது. 2010ஐ ஒட்டித்தான் சாதாரண லேப்டாப்களின் சில்லுகள் அதை ஓடும்போதே செய்யும் திறன் பெற்றன.

இன்னொரு பக்கம், வைஃபையின் வழியை அகலப்படுத்துவது. அங்கேதான் பொள்ளாச்சிக்காரர் வருகிறார்.

ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பிறந்தவர். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்து, பதின்வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து இந்தியக் கடற்படை அதிகாரியானார். கடற்படையில் இருந்தபடியே தில்லி ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றார். 1971 போரில் ஐ.என்.எஸ். குக்ரி கப்பல் மூழ்கடிக்கப்பட்டபின், நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவி நம் கையிலேயே இருக்க வேண்டும் என்ற வேகம் கடற்படைக்குள் எழுந்தது. கொச்சியில் ‘அப்சோ’ சோனாரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பால்ராஜ். கடலுக்கடியில் ஒலி பல திசைகளில் மோதித் திரும்பும்; அந்தக் குழப்பத்துக்குள் தேவையான ஒலியைப் பிரித்தெடுப்பதுதான் சோனார்காரரின் வேலை. பிற்காலத்தில் அவர் செய்த காரியத்தை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1990களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வானொலி அலை சுவரிலும் பீரோவிலும் மோதிச் சிதறிப் பல வழிகளில் வந்து சேருவதை அதுவரை எல்லாப் பொறியாளரும் தொல்லை என்றே கருதினார்கள். பால்ராஜ் அதைத் திருப்பிப் போட்டார். அனுப்பும் பக்கம் பல ஆன்டெனா, வாங்கும் பக்கம் பல ஆன்டெனா வைத்தால், அலைகள் வெவ்வேறு வழியாக வருவதைக் கொண்டே அவற்றைப் பிரித்தறியலாம்; அப்படியானால் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், வெவ்வேறு தகவல் ஓடைகளை அனுப்பலாம் என்றார். தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1994இல் கிடைத்தது. அது நடக்காது என்று சொன்னவர்கள் பலர். ‘மைமோ’ என்று இன்று அழைக்கப்படும் அந்த முறைதான் 2009 செப்டம்பரில் இறுதியான 802.11என் வைஃபை தரத்தின் முதுகெலும்பு. வேகத்தின் உச்சவரம்பு நொடிக்கு 60 கோடி பிட் வரை போனது. 4ஜி, 5ஜி செல்போன் கோபுரங்களும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. 2010இல் பத்மபூஷண், 2014இல் மார்கோனி பரிசு. ஆனாலும் பொள்ளாச்சியிலேயே அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. நம் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பாடம் இருக்க வேண்டும்.

802.11என் இறுதியாகி நான்கு மாதத்தில் கருவி பிறந்துவிட்டது. 2010 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் இன்டெல் நிறுவனம் ‘வைடை’ என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. அந்த ஆண்டு வந்த இன்டெல் கோர் லேப்டாப் திரையைச் சுருக்கி வைஃபையில் அனுப்பும்; நெட்கியர் நிறுவனத்தின் ‘புஷ்டுடிவி’ என்ற சிறு பெட்டி அதை வாங்கி டிவிக்குக் கொடுக்கும். பெட்டியின் விலை சுமார் 100 டாலர், அன்றைய கணக்கில் நாலரை ஆயிரம் ரூபாய்க்கு மேல். லேப்டாப் திரையில் காண்பது எதுவானாலும் டிவியில் தெரியும் என்பது அன்று பெரிய அதிசயம்.

அந்த முதல் பெட்டியின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ துளையோடு கூடவே மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளும் இருந்தன. இந்தக் கதையில் என் மனதை மிகவும் தொட்ட விவரம் இதுதான். பிறந்தபோதே அந்தக் கருவி பழைய டிவியை மனதில் வைத்துத்தான் பிறந்திருக்கிறது. புது டிவி வாங்க முடிந்தவருக்கு மட்டும் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. பின்னால் வந்த கருவிகளிலிருந்து அந்த மூன்று துளைகள் மறைந்தன. நம் ஊர் டியூப் டிவிகள் வெளியே நின்றன.

குறைகளும் இருந்தன. முதல் வைடை 720 வரிப் படம் மட்டுமே அனுப்பியது. காப்புப் பூட்டு போட்ட சினிமா வட்டுகள் அதில் ஓடவில்லை. சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் நொடியில் ஒரு பகுதி கழிந்துவிடுவதால், மவுஸை நகர்த்தினால் டிவியில் அம்புக்குறி சற்றுப் பிந்தியே நகரும். சினிமாவுக்கு அது பொருட்டல்ல; கேம் விளையாட உதவாது. எல்லாவற்றுக்கும் மேல், குறிப்பிட்ட இன்டெல் சில்லும் குறிப்பிட்ட வைஃபை அட்டையும் இருந்தால்தான் வேலை செய்யும். விலை குறைந்த லேப்டாப் வைத்திருந்தவர்களுக்கு அது எட்டவில்லை.

ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருந்ததைப் பொதுத் தரமாக மாற்றியது வைஃபை கூட்டமைப்பு. 2012 செப்டம்பரில் ‘மிராகாஸ்ட்’ வந்தது. லேப்டாப்பும் டிவிப் பெட்டியும் நடுவில் மோடம் இல்லாமல் நேராக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். 2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1 அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. இன்றும் விண்டோஸ் 10, 11 லேப்டாப்களில் விண்டோஸ் விசையையும் கே விசையையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் திரைகளின் பட்டியல் வரும். அதற்குள் இருப்பது மிராகாஸ்ட்தான். தன் காலம் முடிந்ததை உணர்ந்த இன்டெல் 2016இல் வைடையைக் கைவிட்டது.

லினக்ஸ் பக்கம் நிலைமை வேறு. நம் அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதை உருவாக்கியது சென்னை சி-டாக் ஆய்வு நிறுவனம். அதற்குப் பின்னணியாக இருந்த திறந்தநிலை மென்பொருள் மையத்தில், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் பங்காளி. தாம்பரத்துக்கு இரண்டே ஸ்டேஷன் தள்ளி இருக்கும் வளாகத்தின் உழைப்பு அது. ஆனால் மிராகாஸ்ட் வசதி லினக்ஸுக்கு ஒழுங்காக வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அதுவரை, டிவியில் படம் காட்ட வேண்டுமென்றால் மாணவர்கள் விண்டோஸுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இனி அசோக் நகர்க்காரர். 2013 ஜூலை 24 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காலைச் சிற்றுண்டிக் கூட்டத்துக்குக் கூகுள் பத்திரிகையாளர்களை அழைத்தது. நடத்தியவர் அப்போது ஆண்ட்ராய்டுக்கும் குரோமுக்கும் தலைவராக இருந்த சுந்தர் பிச்சை. அங்கே அறிமுகமானது, டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் குரோம்காஸ்ட் என்ற குச்சி. மேடையில் அதை இயக்கிக் காட்டியவர் மரியோ கெய்ரோஸ். கருவியைச் செய்தது ஒரு குழு; பிச்சை அந்தப் பிரிவை நடத்தியவர். மதுரையில் பிறந்து, அசோக் நகரில் வளர்ந்து, ஐஐடி வளாகத்து வனவாணி பள்ளியில் பிளஸ் டூ படித்தவர். தன் வீட்டுக்கு ஒருவழியாக டிவி வந்தபோது அதில் ஒரே ஒரு சேனல்தான் இருந்தது என்று 2020இல் பட்டதாரிகளுக்கு ஆற்றிய உரையில் அவரே சொல்லியிருக்கிறார். அப்படி வளர்ந்த ஒருவரின் பொறுப்பில், எந்த எச்டிஎம்ஐ டிவியையும் இணையத்தோடு சேர்க்கும் 35 டாலர் குச்சி வெளியானது.

குரோம்காஸ்ட்டின் வழி வேறு. மிராகாஸ்ட்டில் லேப்டாப்பே படத்தைச் சுருக்கி விடாமல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். குரோம்காஸ்ட்டில், யூடியூப் போன்றவற்றுக்கு, போனோ லேப்டாப்போ வீடியோவின் முகவரியை மட்டும் சொன்னால் போதும். குச்சி தானே இணையத்திலிருந்து அதை இழுத்து ஓட்டிக்கொள்ளும். லேப்டாப்பை மூடிவைத்தாலும் படம் ஓடும். குரோம் உலாவியின் ஒரு பக்கத்தை அப்படியே டிவியில் காட்டும் வசதியும் சோதனை நிலையில் சேர்ந்து வந்தது. இந்தியாவுக்கு 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு வந்தது. நூறு டாலரில் பிறந்தது 35 டாலரானதுதான் இந்தக் கதையின் பெரிய திருப்பம். அதன்பிறகு எனிகாஸ்ட், ஈஸிகாஸ்ட் என்று மிராகாஸ்ட் வாங்கும் குச்சிகள் மலிவு விலையில் குவிந்தன.

தாம்பரத்துக்காரர்களுக்கு இந்த மாதிரிப் பொருள் என்றால் ரிச்சி தெருதான். பீச் வண்டி ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடப்பார்கள். ரேடியோ உதிரிப்பாகம் விற்று வளர்ந்த அந்தச் சந்துகளில் டியூப் டிவிக்கான பதில் கிடைத்தது: எச்டிஎம்ஐ-ஏவி கன்வர்ட்டர். தீப்பெட்டி அளவுக்குச் சற்றுப் பெரிய பெட்டி. ஒரு பக்கம் எச்டிஎம்ஐ வாங்கி, மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பில் கொடுக்கும். குச்சியை இதில் செருகி, இதை டிவியில் செருகினால், 2010இன் முதல் பெட்டி செய்த வேலையை இரண்டு சிறு கருவிகள் சேர்ந்து செய்துவிடும். பழைய டிவியை விட மனமில்லாத மனிதர்கள் உலகமெங்கும் இருந்ததால்தான் இந்தக் கன்வர்ட்டருக்கு இத்தனை வருடம் சந்தை இருந்திருக்கிறது.

அதன் அருமை 2020இல் தெரிந்தது. பள்ளிகள் மூடிய அந்த ஆண்டில் அரசின் கல்வித் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பியது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய சேனல் அது, வந்த மறு ஆண்டே பெருந்துணையாயிற்று. தனியார் பள்ளிகளும் கல்லூரிகளும் லேப்டாப்பிலும் போனிலும் வகுப்பு நடத்தின. சின்னத் திரையை மணிக்கணக்கில் பார்த்துக் கண் சிவந்த பிள்ளைகளுக்காக, பாடத்தை டிவிக்குக் கொண்டுபோக முடியுமா என்று பெற்றோர் கேட்கத் தொடங்கினார்கள். ஊரடங்கு தளர்ந்தபின் செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் டியூப் டிவிக்குக் குச்சியையும் கன்வர்ட்டரையும் பொருத்திக் கொடுத்தேன். பேத்தியோடு உட்கார்ந்து பார்த்த அந்த வீட்டு அம்மா சொன்னார்: “டீச்சர் முகம் நல்லா தெரியுது தம்பி. போர்டுல எழுதறதுதான் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

அவர் சொன்னது துல்லியமான உண்மை. லேப்டாப் திரையின் 768 வரிகளையோ 1,080 வரிகளையோ 576இல் அடைத்தால் சின்ன எழுத்து முதலில் சாகும். அரைப்படம் மாறி மாறி வருவதால் மெல்லிய கோடு நடுங்கும். டியூப் டிவி படத்தின் ஓரத்தையும் சற்று வெட்டிவிடும். கீழே இருக்கும் டாஸ்க்பார் காணாமல் போகும். லேப்டாப்பில் எழுத்தளவை 150 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஓரளவு படிக்கலாம். முகம், நடனம், சினிமா, கிரிக்கெட் எல்லாம் டியூப் டிவியில் அழகாகவே வரும். எழுத்து வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ துளை உள்ள எல்சிடி, எல்இடி டிவிதான் சரி. 2008 முதல் 2015 வரை வாங்கிய, ‘ஸ்மார்ட்’ இல்லாத அந்த டிவிகள் புறநகர் வீடுகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒரு குச்சி செருகினாலே போதும்.

வேலை செய்யவில்லை என்று மூலையில் போடப்பட்ட குச்சிகள் பலவற்றில் கோளாறே இல்லை. டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் பழைய டிவிகள் அரை ஆம்பியர்தான் தரும்; குச்சிக்கு ஓர் ஆம்பியர் வேண்டியிருக்கலாம். கிடைக்காவிட்டால் குச்சி அடிக்கடி அணைந்து எழும். போன் சார்ஜரில் செருகினால் சரியாகிவிடும். இரண்டாவது காரணம் நெரிசல். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டு மோடமும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. முதல் குரோம்காஸ்ட் இந்தப் பட்டை ஒன்றில் மட்டுமே இயங்கியது. இப்போது வாங்குகிறவர்கள் 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள குச்சியாகக் கேட்டு வாங்குவது நல்லது. மூன்றாவது, விண்டோஸ் 7இல் மிராகாஸ்ட் கிடையாது. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் குச்சியின் மேல் பழி போடுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் கருத்து உறுதியானது: மிராகாஸ்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காரணம் இரண்டு. மிராகாஸ்ட்டுக்கு இணையம் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணைப் பக்கம் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், கரண்ட் திரும்பியபின்னும் பிராட்பேண்ட் திரும்ப எத்தனை நாளாகும் என்று. அப்போதும் லேப்டாப்பில் சேமித்திருக்கும் பாடமோ படமோ டிவிக்குப் போகும். இன்னொன்று, அது யாரோ ஒரு நிறுவனத்தின் தயவில் வாழவில்லை. கூகுள் 2024 ஆகஸ்டில் குரோம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதற்குள் பத்துக் கோடிக்கு மேல் விற்றிருந்தது. 2025 மார்ச்சில், பத்தாண்டுக்கு எழுதியிருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், 2015ஆம் ஆண்டு மாடல் குரோம்காஸ்ட்கள் உலகமெங்கும் ஒரே நேரத்தில் முடங்கின. சில நாளில் திருத்தம் அனுப்பிச் சரிசெய்தார்கள். அனுப்பாமல் விட்டிருந்தால் நல்ல நிலையில் இருந்த கருவிகள் அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும்.

குப்பை என்பது தென்சென்னைப் புறநகரில் தூரத்து விஷயமல்ல. 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல்தான் பெருங்குடி குப்பைக்கிடங்கு பல்லாண்டுகளாக வளர்ந்தது. டியூப் டிவியின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்துச் செம்பை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை எறிந்தால் அது மண்ணுக்கும் நீருக்கும் போகும். ஓடுகிற டிவியை ஓடவைப்பது காசு மிச்சம் மட்டுமல்ல, நம் ஏரிகளுக்குச் செய்யும் உதவி. உண்மையிலேயே பழுதான டிவியை மின்கழிவு வாங்க அங்கீகாரம் பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

2025-26 தமிழ்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். அரசிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கொடுக்கும் ஒவ்வொரு லேப்டாப்பிலும் மிராகாஸ்ட் வேலை செய்கிறதா என்பதைக் கொள்முதலுக்கு முன்பே சோதித்துப் பாருங்கள். வீட்டிலிருக்கும் பழைய டிவியில் அதன் படத்தைக் கொண்டுவருவது எப்படி, டியூப் டிவியானால் எந்தக் கன்வர்ட்டர் வேண்டும், மின்சாரம் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சிட்டு அந்தப் பெட்டிக்குள் வையுங்கள்.